மறுபடியும் ஊசியும் நூலும்



தோட்டத்து வீடுகள் பலவற்றில், முன்னறையின் மூலையிலே பழைய கால்மிதித் தையல் இயந்திரம் ஒன்று நிற்பதைப் பார்க்கிறோம். அதன்மேல் ஒரு விரிப்பு போட்டிருக்கும். விரிப்பின்மேல் பூஞ்சாடி இருக்கும், அல்லது பிள்ளைகளின் புத்தகப் பைகள் இருக்கும். மேசையாக மாறிவிட்ட அந்த இயந்திரம் ஒரு காலத்தில் அம்மாவோ பாட்டியோ மாதத் தவணையில் வாங்கியது. பொருளை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்தைத் தவணையாக வாங்கும் முறையை உலகமெங்கும் பரப்பிய பொருள்களில் தையல் இயந்திரம் முதன்மையானது. சிங்கர் நிறுவனம் 1856-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இதைத் தொடங்கிவிட்டது. அந்த வழியாகத்தான், ரொக்கம் கொடுத்து வாங்க முடியாத நம் லயத்து வீடுகளுக்குள்ளும் இயந்திரம் வந்து சேர்ந்தது.

பிறகு ஏன் அது மேசையாயிற்று? ஆயத்த ஆடைகள் மலிந்தன. இரவுச் சந்தையில் சட்டை வாங்கும் விலைக்குத் துணி வாங்கித் தைக்க முடியவில்லை. தீபாவளிக்குப் பிள்ளைகளும் கடைச் சட்டையைத்தான் விரும்பினார்கள். இது நடந்ததில் வருத்தப்பட ஒன்றுமில்லை. விடியற்காலையில் எழுந்து வேலைக்காட்டுக்குப் போய்வந்த தாய், இரவில் விளக்கடியில் அமர்ந்து ஆறு பேருக்குத் துணி தைத்தது இன்பத்திற்காக அன்று. வேறு வழி இல்லாமல். அந்தப் பாரம் இறங்கியது நல்லதே. ஆனால் பாரத்தோடு சேர்த்துக் கைவேலையையும் நாம் இறக்கி வைத்துவிட்டோம். இன்று பேச வந்தது அந்தக் கைவேலையைப் பற்றி. காசு மிச்சப்படுத்துவதற்காகவோ கூலிக்காகவோ அல்லாமல், மனத்துக்குப் பிடித்த பொழுதுபோக்காகத் தையலையும், ஒட்டுத் துணிப் போர்வையையும், பூத்தையலையும் மறுபடி கையில் எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

"காட்டு வேலை, வீட்டு வேலை, பிள்ளைகள் வேலை எல்லாம் முடிய மணி பத்தாகிறது, இதில் பொழுதுபோக்கு வேறா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே வீட்டிலுள்ள ஆண்களுக்குப் பந்து விளையாட்டு உண்டு, கேரம் பலகை உண்டு, கடை வாசலில் நண்பர்களோடு அரட்டை உண்டு. அதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாளில் அரை மணி நேரம் தாய்க்கும் உரியது. இதை வீட்டிலுள்ள மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சை வீட்டு ஆண்களும் கேட்கட்டும் என்று விரும்புகிறோம்.

இன்னொரு தடை, வெட்கம். ஒட்டுப் போட்ட துணி என்றாலே வறுமை என்று நம் மக்கள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மலாயாவில் துணிப் பஞ்சம் கடுமையாக இருந்தது. சணல் சாக்கை வெட்டி உடுத்தியவர்கள் உண்டு. சயாம் - பர்மா ரயில் பாதை போடுவதற்கு 1942, 1943-ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. வீட்டில் எஞ்சியிருந்த பெண்கள் கிழிந்ததன்மேல் கிழிந்ததை வைத்துத் தைத்து மானத்தைக் காத்தார்கள். அந்த நினைவை உடையவர்கள், 'என் பிள்ளை ஒட்டுத் துணி உடுத்தக் கூடாது' என்று நினைத்ததில் வியப்பில்லை.

அதே ஆண்டில், அதே ஆட்சியின்கீழ், சிங்கப்பூரில் நடந்த ஒன்றையும் அறிந்துகொள்வோம். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு, ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமாகத் தொடக்கத்தில் ஏறத்தாழ 400 பேர் அங்கே இருந்தார்கள். கணவன்மார் சிறையின் வேறு பகுதியிலோ ராணுவக் கைதிகள் முகாமிலோ இருந்தார்கள். கடிதப் போக்குவரத்துக்கு வழியில்லை. கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வேனி என்னும் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு சதுரத் துணி கொடுக்கப்பட்டது. அதில் தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றை ஒவ்வொருவரும் பூத்தையலால் போடவேண்டும். சிலர் மலர் போட்டார்கள், சிலர் சொந்த ஊரின் நினைவை, சிலர் சிறைச்சுவரையே போட்டார்கள். பெரும்பாலோர் தங்கள் பெயரையும் சேர்த்துத் தைத்தார்கள். 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை. இப்படி மூன்று போர்வைகள் உருவாயின. ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, மற்றொன்று காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு என்று பெயரிட்டார்கள். ஜப்பானியருக்கும் ஒன்று என்றதால்தான் மற்ற இரண்டையும் வெளியே அனுப்ப இடம் கிடைத்தது என்று கருதப்படுகிறது. அந்தப் போர்வையில் மனைவியின் பெயரைக் காணும் ஒருவன், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா! அவற்றில் இரண்டு இப்போது ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலுள்ள போர் நினைவகத்திலும், ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன.

நம் பாட்டிமார் அதே காலத்தில் தைத்த ஒட்டுத் துணிகள் எந்தக் காட்சியகத்திலும் இல்லை. அவை உடுத்தித் தேய்ந்து, பிறகு விளக்குத் துடைத்து, பிறகு அடுப்பில் எரிந்து போயின. ஆனால் தையல் அதே தையல்தான். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையலால் 'காந்தா' விரிப்புகள் செய்கிறார்கள். நம் மலாய்க்கார அண்டை வீட்டார் மிச்சத் துணிகளைப் 'பெர்ச்சா' என்பார்கள். அவற்றை இணைத்துத் தைக்கும் வேலைக்குத் 'தம்பால் செரிபு', அதாவது ஆயிரம் ஒட்டு, என்று அழகான பெயரே வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒட்டுத் துணியைப் பார்த்து நாம் மட்டும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் கையைப் பார்க்குமுன் கண்ணைப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலர், "முன்புபோல் கை வரவில்லை" என்று சொல்லித் தையலை விட்டிருக்கிறார்கள். உண்மையில் வராமற்போனது கை அன்று. அந்த வயதில் கிட்டப் பார்வை மங்குவது எல்லாருக்கும் இயல்பு. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். ஊசிக் காதைத் தூரத்தில் நீட்டிப் பிடித்து நூல் கோக்கப் பார்க்கிறீர்கள் என்றால் அதுவே அடையாளம். ஒரு மூக்குக் கண்ணாடி இதைச் சரிசெய்துவிடும். ஆனால் பார்வை ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் மாறி மாறி இருந்தால் கண்ணாடி வாங்கப் போகவேண்டாம். முதலில் மருந்தகத்துக்குப் போய் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதியுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறைந்திருக்கவும் கூடும். ஊசி குத்தியது தெரியாமலே போகும். அவர்கள் நடுவிரலில் உலோகத் தொப்பி மாட்டிக்கொண்டு தைப்பது நல்லது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை வாசற்படியருகே கிடைக்கும் பகல் வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது. வலக்கையால் தைப்பவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் தையலின்மேல் விழும்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டு வேலையால் காய்த்துப்போன கைக்குப் பூத்தையல் எங்கே வரும் என்று எண்ணுகிறவர்கள், பால்மரம் சீவுவதை எண்ணிப் பார்க்கட்டும். ஒரு சீவலில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போகவேண்டும்; உள்ளே மரத்தில் காயம் படக்கூடாது. அதுவும் விடிந்தும் விடியாத இருட்டில், நெற்றி விளக்கின் ஒளியில். இந்த அளவு தெரிந்த கைக்கு ஊசி ஒரு பெரிய காரியமா? விரல்கள் விறைப்பாக இருந்தால், தைக்க உட்காருமுன் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் கையை வைத்திருந்து, விரல்களை மடக்கி நீட்டுங்கள். முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மூலையில் நிற்கும் இயந்திரத்தை எழுப்புவது இரண்டு மணி நேர வேலை. மேல் விரிப்பை எடுத்துவிட்டு, பல் தகட்டுக்கு அடியிலும், பாபின் பெட்டியிலும் அடைந்திருக்கும் பஞ்சுத் தூசியைச் சிறிய தூரிகையால் எடுங்கள். பழைய எண்ணெய் பசையாக இறுகி, சக்கரம் சுற்ற மறுக்கும். அந்த இடங்களில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓரிரவு வைத்திருந்து, நன்றாகத் துடைத்த பிறகு தையல் இயந்திர எண்ணெய் விடவேண்டும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. பல வீட்டு இயந்திரங்கள் இறுகியதே அதனால்தான். தோல் வார் தளர்ந்து வழுக்கினால், அதைச் சிறிது நறுக்கி அதே கம்பிக் கொக்கியால் மறுபடி இணைத்தால் போதும்.

ஊசி பழையதாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். துருவேறிய ஊசியால் தைத்துக்கொண்டே இயந்திரத்தைத் திட்டுகிறவர்கள் அதிகம். சாதாரண நூல் துணிக்கு 14-ஆம் எண் ஊசி, மெல்லிய வாயிலுக்கு 11, கனத்த துணிக்கு 16. ஊசியின் ஒரு பக்கத்தில் நீண்ட பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். நூல் கோக்கும்போது துணியை அழுத்தும் பாதம் மேலே தூக்கியிருக்கட்டும். அப்போதுதான் நூல் இறுக்கத் தகடுகளுக்கு நடுவே சரியாக உட்காரும். துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகச் சுருண்டால் எல்லாரும் பாபினைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் தவறு மேல் நூலில் இருக்கும். எடுத்துவிட்டுத் திரும்பக் கோத்துப் பாருங்கள்.

இயந்திரம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். சாங்கியில் கையால்தான் தைத்தார்கள்.

முதல் வேலையாகப் பெரிய போர்வையைத் தொடங்காதீர்கள். விட்டுப்போன கலையைத் திரும்ப எடுப்பவர்கள், முன்பு செய்ததைவிடப் பெரிதாக ஒன்றை ஆசையோடு தொடங்கிப் பாதியில் மூட்டை கட்டிவிடுவதைப் பார்க்கிறோம். ஒரு கைக்குட்டை, ஒரு தலையணை உறை, இவை போதும். பழைய வேட்டித் துண்டில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஒரு வரிசை ஓட்டுத் தையல், ஒரு வரிசை பின்தையல், ஒரு வரிசை சங்கிலித் தையல், ஒரு வரிசை காம்புத் தையல் என்று போட்டுப் பாருங்கள். மூன்றாம் நாளில் கை தானே ஓடும்.

பூத்தையல் நூல் ஆறு இழை கொண்டது. அதை அப்படியே கோக்காமல் இரண்டிரண்டு இழையாகப் பிரித்துக் கோத்தால் வேலை நயமாக இருக்கும். நூலின் நீளம் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருந்தால் போதும். நீளமாகக் கோத்தால் வேலை விரைவாகும் என்று நினைப்பார்கள். சிக்கெடுப்பதில் அந்த நேரம் போய்விடும். சிவப்பு நூலையும் கருநீல நூலையும் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். பூவும் கிளியும் அச்சுத் தாளிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்பதில்லை. வாசலில் போடும் கோலத்தைப் பென்சிலால் துணியில் புள்ளி வைத்து வரைந்து, சங்கிலித் தையலால் நிரப்பினால் எவ்வளவு பொருத்தமாக அமைகிறது என்று பாருங்கள். நம் பெண்கள் அச்சுத் தாளைத் தேடி அலைவது நமக்கு விளங்கவே இல்லை.

அடுத்து ஒட்டுத் துணிப் போர்வை. குழந்தைக்கான சிறிய போர்வையாகத் தொடங்கலாம். 36 அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். தைத்து முடிந்த ஒவ்வொரு துண்டும் 4 அங்குலம் இருக்க, சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு, நாலரை அங்குலச் சதுரமாக வெட்டவேண்டும். வரிசைக்கு 9, ஒன்பது வரிசை, ஆக 81 துண்டுகள். அட்டையில் ஓர் அளவு வெட்டி வைத்துக்கொண்டு அதை வைத்தே எல்லாவற்றையும் வெட்டுங்கள். துண்டின்மேல் துண்டை வைத்து அளந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அளவு வளர்ந்து, கடைசி வரிசை கோணிக்கொள்ளும். நாளுக்கு இரண்டு துண்டு வெட்டி இணைத்தாலும் ஆறு வாரத்தில் மேற்பகுதி முடிந்துவிடும்.

பழைய கைலி, பாத்தேக், நூல் புடவை, பிள்ளைக்குச் சிறுத்துப்போன பள்ளிச் சட்டை, எல்லாம் உதவும். நூல் துணியையும் நைலான் வகைத் துணியையும் கலக்கவேண்டாம். ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. எந்தத் துணியானாலும் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டவேண்டும். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சல்லடைபோல் தேய்ந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் ஒவ்வொரு வரிசையாக 9 துண்டுகளை இணையுங்கள். பிறகு வரிசையோடு வரிசையை. குளிர்நாட்டார் நடுவில் பஞ்சு வைப்பார்கள். நம் வெப்பத்துக்கு ஒரு பழைய படுக்கை விரிப்போ மடித்த நூல் புடவையோ போதும். அடித்துணி, நடுத்துணி, மேல்துணி மூன்றையும் பாயின்மேல் சுருக்கமில்லாமல் விரித்து, பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக நூல் ஓட்டிக்கொண்டு, பிறகு நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி மூன்றையும் சேர்த்துத் தைக்கவேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் நடுவில் துணி கூடிக் குமிழாக நிற்கும். பிரித்துத் தைப்பதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை.

பள்ளிப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஆண் பிள்ளைகளையும்தான். 81 துண்டுகளை எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று தரையில் பரப்பி மாற்றி மாற்றி வைப்பது அவர்களுக்கு விளையாட்டு. ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று என்பதை அதன்பிறகு மறக்கமாட்டார்கள். 'இது அண்ணனின் முதல் வகுப்புச் சட்டை, இது ஆயாவின் கைலி' என்று துண்டுக்குத் துண்டு கதை வரும்போது, வீட்டின் வரலாறே பேச்சில் வந்துவிடுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் ஊர் ஊராகப் பிரிந்து போய்விட்ட நம்மவர்களிடம் பழைய நிழற்படங்கள்கூட அதிகம் இல்லை. ஆனால் பழைய துணி எல்லா வீட்டிலும் இருக்கிறது.

இயந்திரத்தின் சத்தம் கேட்கத் தொடங்கியதும், "அக்கா, இந்த ஒரு ரவிக்கையை மட்டும்" என்று பக்கத்து வீட்டிலிருந்து வருவார்கள். தீபாவளி நெருங்கினால் வரிசையே நிற்கும். கூலிக்குத் தைப்பது தவறன்று. சில வெள்ளி கையில் வந்தால் யாருக்குக் கசக்கும்? இருந்தாலும் ஒன்றைத் தனியே பிரித்து வையுங்கள். ரவிக்கை எத்தனை வந்தாலும், உங்கள் போர்வையை அல்லது பூத்தையலை ஒரு பையில் போட்டுத் தனியாக வைத்து, நாளில் அரை மணி நேரம் அதற்கு மட்டும் கொடுங்கள். அதற்குக் கெடு கிடையாது. இந்தக் கலை ஒருமுறை நம்மைவிட்டுப் போனதற்குக் காரணமே, அது முழுவதும் வேலையாக மட்டும் இருந்ததுதான் என்பது நம் கருத்து.

போர்வை முடிந்ததும், நான்கு ஓரங்களையும் அடித்துணியின் விளிம்பாலேயே மடித்துத் தைத்துவிடலாம். அதற்காக அடித்துணியைச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாக முன்பே வெட்டியிருக்க வேண்டும். முதல் சலவையில் வெந்நீர் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்துக் காயவையுங்கள். காய்ந்த பிறகு ஒரு மூலையில் பென்சிலால் உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதி, இரண்டிழை நூலில் பின்தையல் போட்டுவிடுங்கள். எழுத்தின் உயரம் அரை அங்குலம் இருந்தால் வளைவுகள் நன்றாக வரும்.